கற்றுக்கொடுக்க வந்தவர் கையில் துப்பாக்கி

(பினாங்கு, ஜோர்ஜ் டவுனில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1942 செப்டம்பர் 18ஆம் நாள் இந்தப் பினாங்கிலிருந்து ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் புறப்பட்டது. அதில் ஏறியவர்களில் வக்கம் அப்துல் காதர் என்ற இளைஞரும் ஒருவர். திருவிதாங்கூரிலிருந்து பிழைப்புத் தேடி மலாயா வந்தவர். செப்டம்பர் 27 அன்று மலபார்க் கரையில் தானூருக்குப் பக்கத்தில் அவரும் தோழர்கள் நால்வரும் இறங்கினார்கள், இறங்கியதும் பிடிபட்டார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் காதர், ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இந்தியாவுக்குள் இரகசியமாக அனுப்பப்பட்ட இவர்களைப் போன்ற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் நம் ஊரில் இயங்கிய சுயராஜ்ய நிலையம். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் அதன் பொறுப்பில் இருந்தார். இந்தியர்களோடு தொடர்பு வைக்க ஜப்பானிய இராணுவம் அனுப்பிய முதல் குழு மேஜர் ஃபுஜிவாராவின் சிறு குழு. போரில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களிடம் பேசி, நம்பிக்கை பெற்று, இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வித்தை ஊன்றியவர்கள் அவர்கள்தாம். அடுத்து வந்தது கர்னல் இவாகுரோவின் பெரிய அலுவலகம். அதற்குப் பொறுமை குறைவு. 1942 கடைசியில், ராகவனுக்குத் தெரியாமலேயே நிலையத்து மாணவர் சிலரை ஜப்பானியர் தங்கள் வேலைக்குக் கொண்டுபோனார்கள். ராகவன் நிலையத்தை இழுத்து மூடினார். அதற்காக வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

இந்த ஊர்க்காரர் ஒருவர் அன்று எடுத்த அந்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நண்பனாக வந்தவன், ஆலோசகனாக வந்தவன், ஒரு கட்டத்தில் நம் பிள்ளைகளைத் தன் ஆயுதமாக எண்ணத் தொடங்கினால் என்ன செய்வது? முடியாது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் இடம் நமக்கு இருக்கிறதா என்பதுதான் இன்றைய என் பேச்சின் மையம்.

உலகத்துப் பெரிய இராணுவங்கள் எல்லாவற்றிலும் இன்று சிறப்புப் படைகள் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, தாமே பாய்ந்து தாக்குவது: இரவில் ஹெலிகாப்டரில் இறங்கி, ஒரு வீட்டை வளைத்து, ஒருவரைப் பிடித்தோ கொன்றோ விட்டு விடிவதற்குள் திரும்பிவிடுவது. மற்றொன்று, பத்துப் பன்னிரண்டு பேராக ஓர் ஊரில் போய்த் தங்கி, அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் நோய்க்கு மருந்து கொடுத்து, அந்த ஊர்க்காரர்களையே தங்களைக் காத்துக்கொள்ளும் படையாக வளர்ப்பது. முதல் வேலைக்குச் சில மணி நேரம் போதும். இரண்டாவதற்கு ஆண்டுகள் வேண்டும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர் இரண்டையும் ஒரே காலத்தில் செய்தார்கள். 2010 முதல் கிராமங்களில் தங்கி உள்ளூர்க் காவல் படை வளர்த்தது ஒரு பிரிவு. அதே மாகாணங்களில் இரவு வேட்டை நடத்தியது இன்னொரு பிரிவு. பகலில் தேநீர் குடித்த வீட்டின் கதவை இரவில் வேறொருவர் உடைத்தால் அந்தக் கிராமத்துப் பெரியவர் யாரை நம்புவார்?

படைத்துறை நூல்கள் இதைச் சமநிலைக் கேள்வியாக எழுதுகின்றன. எத்தனை விழுக்காடு தாக்குதலுக்கு, எத்தனை விழுக்காடு ஆலோசனைக்கு என்று. விழுக்காட்டில் விடை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் உலகம் பாடம் கற்ற இடங்களில் முதன்மையானது நம் மலாயாக் காடு. அங்கேயே போவோம்.

ஜப்பானியர் காலத்தில் பிரிட்டிஷார் இங்கே வைத்திருந்த இரகசியப் படைக்குப் பிற்பாடு வந்த பெயர் ஃபோர்ஸ் 136. 1943 மே மாதம் அதன் அதிகாரி ஜான் டேவிஸ் ஒரு டச்சு நீர்மூழ்கியில் வந்து பேராக் கரையில் இறங்கினார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் பீடோர் மலைக்காட்டில் பிளாந்தான் முகாமில் ஓர் உடன்படிக்கை. ஒரு பக்கம் டேவிஸ், சக அதிகாரிகள் புரூம், சாப்மேன். மறுபக்கம் கம்யூனிஸ்டுகளின் ஜப்பான் எதிர்ப்புப் படை சார்பில் லாய் தெக், சின் பெங். பிரிட்டிஷார் ஆயுதமும் பணமும் மருந்தும் பயிற்சியும் தருவார்கள்; கொரில்லாக்கள் ஜப்பானியரோடு போரிட ஒத்துழைப்பார்கள். போருக்குப் பிறகு நாடு யாருக்கு என்பதைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை. பேசினால் உடன்படிக்கையே நின்றிருக்காது.

1945 தொடக்கத்தில்தான் இலங்கையோடு வானொலித் தொடர்பு கிடைத்தது. பிறகு விமானத்திலிருந்து ஆயுதப் பெட்டிகள் இறங்கின, தொடர்பு அதிகாரிகள் இறங்கினார்கள், கூடவே கூர்க்கா உதவிக் குழுக்களும் இறங்கின. பெரும்போர் நடப்பதற்கு முன்னால் ஜப்பான் சரணடைந்துவிட்டது. 1945 செப்டம்பர் 3 அன்று பினாங்கில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் இறங்கியதைப் பார்த்த பெரியவர்கள் இந்த ஊரில் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். டிசம்பரில் கொரில்லாப் படை கலைக்கப்பட்டது. தலைக்கு 350 வெள்ளி கொடுத்து ஆயுதங்களைத் திரும்பப் பெற்றார்கள். எல்லா ஆயுதமும் திரும்பவில்லை. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, காட்டுக்குள் புதைத்திருந்த துப்பாக்கிகள் வெளியே வந்தன. சின் பெங்குக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த விருதும் பறிக்கப்பட்டது.

1955 டிசம்பரில் பாலிங்கில் அரசுக்கும் கொரில்லாக்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடந்தபோது, கிளியான் இந்தான் அருகே காட்டோரத்தில் சின் பெங்கை எதிர்கொண்டு அழைத்துவரப் போனவர் யார் தெரியுமா? அதே ஜான் டேவிஸ். அரசு அவரை அனுப்பியதற்குக் காரணம் ஒன்றுதான். எதிரி நம்பி வெளியே வரக்கூடிய வெள்ளைக்காரர் அவர் ஒருவரே. மனிதர்களோடு வாழ்ந்து சம்பாதித்த நம்பிக்கை, போர் மூண்டு ஏழாண்டு ஆன பிறகும் செத்துப் போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவர் கொடுத்த துப்பாக்கிகள் நாட்டை எரித்ததும் உண்மை.

அவசரகாலம் தொடங்கியதும் டேவிஸ், புரூம் போன்ற பழைய ஆட்கள் ஃபெரட் படை என்ற சிறு குழுக்களை அமைத்தார்கள். பிரிட்டிஷார், கூர்க்காக்கள், மலாய்ப் படையினர், சரவாக்கின் ஈபான் தடம் பார்ப்போர், சீன மொழிபெயர்ப்பாளர்கள் சேர்ந்த குழுக்கள். காட்டை அறிந்த படை. அதே ஆண்டிலேயே கலைத்துவிட்டார்கள். 1950இல் அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவர் பர்மாக் காட்டில் போரிட்ட மைக் கால்வெர்ட். அவர் திரட்டிய மலாயா ஸ்கவுட்ஸ் படைதான் பிறகு 1952இல் எஸ்.ஏ.எஸ். எனும் பிரிட்டிஷ் சிறப்புப் படையின் 22ஆவது ரெஜிமெண்ட் ஆனது. ஆரம்பத்தில் ஒழுங்கில்லாத கூட்டம் என்று பெயரெடுத்த படை அது. வான்குடையோடு மரக்கிளைகளில் குதித்து, கயிற்றில் இறங்கும் முறையைப் பெலும் பள்ளத்தாக்கில் சோதித்தார்கள்; அந்த முறையில் பிற்பாடு பலர் காயமடைந்தார்கள்.

இனி நீங்கள் ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். அவசரகாலம் முழுவதும் கொல்லப்பட்ட கொரில்லாக்கள் 6,710 பேர். எட்டாண்டுகள் மலாயாவில் இருந்த எஸ்.ஏ.எஸ். கணக்கில் வந்தவர்கள் 108 பேர். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இந்தப் படையை வெட்டிப் படை என்று சொல்லிவிடலாமா? கூடாது. கொல்வதை மட்டும் எண்ணினால் கண்ணுக்குத் தெரியாமல் போகிற வேலை ஒன்றை அவர்கள் செய்தார்கள்.

கொரில்லாக்கள் காட்டின் ஆழத்துக்குப் பின்வாங்கியபோது அவர்களுக்கு உணவும் வழிகாட்டலும் காவலும் கிடைத்தது பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களிடமிருந்து. தெமியார், செமாய் குடிகள் ஜப்பானியர் காலத்திலிருந்தே அவர்களோடு பழகியவர்கள். கம்யூனிஸ்டுகள் அவர்களை 'அசல்' என்ற அமைப்பில் சேர்த்திருந்தார்கள். அரசு முதலில் எடுத்த வழி கொடுமையானது. காட்டிலிருந்து மக்களைக் கொத்தாகக் கொண்டுவந்து சமவெளி முகாம்களில் அடைத்தார்கள். மலைக்காற்றில் வாழ்ந்தவர்கள் அங்கே நோயிலும் ஏக்கத்திலும் மாண்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் காட்டுக்கே ஓடினார்கள். ஓடியவர்களை வரவேற்கக் காத்திருந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகுதான் போக்கு மாறியது. மக்களைக் காட்டிலிருந்து பிடுங்காமல், அரசே காட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். ஃபோர்ட் புரூக், கெமார், லெகாப் என்று காட்டுக் கோட்டைகள் எழுந்தன. கோட்டை என்றால் கல்லும் மதிலும் அல்ல; ஒரு சின்ன விமான ஓடுதளம், ஒரு மருந்தகம், ஒரு கடை, காவல் குடிசைகள். எஸ்.ஏ.எஸ். குழுக்கள் வாரக்கணக்கில் அந்தக் கம்பங்களில் தங்கின. குழுவின் மருத்துவ உதவியாளர் கையிலிருந்த மருந்துப்பைதான் அங்கே மிகப் பெரிய ஆயுதம். சொறிசிரங்கும் காய்ச்சலும் குணமான வீட்டில் செய்தி தானாக வரும்: மேற்கு ஓடைப் பக்கம் புதுக் காலடி, மூன்று பேர், நேற்று இரவு. அந்தச் செய்தியை வைத்துத் தாக்கியது பெரும்பாலும் வேறு படை. எண்ணிக்கையும் வேறு படையின் ஏட்டில் ஏறியது.

இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதையும் இதே காடு காட்டியது. 1954 ஜூலையில் 'டெர்மைட்' நடவடிக்கை. பேராக், கிளாந்தான் மலைகளில் எஸ்.ஏ.எஸ். வீரர்களை வான்குடையில் இறக்குவதற்கு முன்பு லிங்கன் விமானங்கள் குண்டு போட்டன. ஓராங் அஸ்லியின் நம்பிக்கையைப் பெறப் போகிற காட்டில் முதலில் விழுந்தது குண்டு. எந்த மருந்துப்பை அந்த அச்சத்தை ஆற்றும்?

1953இல் பூர்வகுடி ஆலோசகராகப் பொறுப்பேற்றவர் ரிச்சர்ட் நூன். அவருடைய அண்ணன் பாட் நூன், தெமியார் மக்களிடையே வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதிய மானிடவியலாளர். போர்க்காலத்தில் அதே காட்டில் மறைந்து போனவர். தம்பி 1956இல் செனோய் பிராக் என்ற படையை உருவாக்கினார். ஓராங் அஸ்லி ஆண்களைக் கொண்டு, எஸ்.ஏ.எஸ். பயிற்சியோடு, சில நூறு பேர் கொண்ட படை. துப்பாக்கியோடு சும்பித்தான் என்ற ஊதுகுழலும் ஏந்தினார்கள். தடம் பார்ப்பதில் அவர்களுக்கு நிகர் யாரும் இல்லை. அவசரகாலத்தின் கடைசி ஆண்டுகளில் மற்றப் படைகளைவிட இவர்களே அதிகம் கொன்றார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பெருமையோடு குறிக்கிறார்கள்.

எனக்கு அந்தப் பெருமையில் முழுமனதாகப் பங்குகொள்ள முடியவில்லை. அந்த வீரர்களின் துணிவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் இந்த நாடு தன் காட்டை மீட்டிருக்காது. என் மனம் தடுக்கும் இடம் வேறு. செனோய் பிராக் அப்போது பூர்வகுடித் துறையின் கீழ் இருந்தது. ஊசி போடவும் பள்ளி நடத்தவும் உரிமை கேட்கவும் எந்தத் துறையிடம் ஒரு தெமியார் போக வேண்டுமோ, அதே துறைதான் அவர் மகனுக்குத் துப்பாக்கி கொடுத்தது. மகனை அனுப்ப மாட்டேன் என்று சொன்னால் மருந்து நிற்குமோ என்ற எண்ணம் அந்தத் தகப்பனுக்கு வராதா? 1968இல்தான் படை காவல்துறைக்கு மாற்றப்பட்டது. அந்தப் பிரிப்பு முதல் நாளே நடந்திருக்க வேண்டும்.

போர்னியோவில் இதே பாடம் வேறு விதமாக வந்தது. 1963இல் இந்தோனேசிய மோதல் காலத்தில் எல்லையோர நீளவீட்டு மக்களைச் சீருடை போட்டு எல்லைச் சாரணர் படையாக்கினார்கள். செப்டம்பரில் லோங் ஜாவாயில் அவர்களுடைய சிறு காவல்நிலையம் தாக்கப்பட்டுச் சிதைந்தது. அதற்குப் பிறகு சாரணர்களின் சீருடையைக் களைந்து, செய்தி சேகரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தம் ஊரில், தம் உடையில், தம் வயலில் இருந்தபடி பார்த்ததைச் சொல்வது. அந்த மாற்றம் பல உயிர்களைக் காத்தது என்றே நினைக்கிறேன். கிராமத்து ஆளை அரைகுறைச் சிப்பாயாக்குவது அவனுக்குச் செய்யும் துரோகம்.

மலாயாவில் கற்ற மனிதர்கள் வியட்நாமுக்குப் போனார்கள். ராபர்ட் தாம்ஸன் 1961இல் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை ஏற்றுச் சைகோன் சென்றார். ரிச்சர்ட் நூனும் செனோய் பிராக் ஆட்களோடு மத்திய மலைநாட்டுக்குப் போனார். 1961 கடைசியில், புவோன் எனாவோ என்ற ராடே பழங்குடிக் கிராமத்தில் அமெரிக்கர் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ஊரைச் சுற்றி வேலி, உள்ளே மருந்தகம், ஊர் ஆண்களுக்கு ஆயுதம். ஊரைக் காக்க மட்டுமே ஆயுதம் என்பது ஒப்பந்தம். அமெரிக்கச் சிறப்புப் படையினர் பயிற்சி கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கூடத் தங்கினார்கள். ஓராண்டில் ஏறத்தாழ 200 கிராமங்கள் சேர்ந்துகொண்டன.

பிறகு மேலிடத்துக்கு ஆசை வந்தது. 1963 ஜூலைக்குள் அந்தத் திட்டம் முழுவதும் இராணுவத் தலைமையின் கைக்கு மாறியது. நன்றாகப் போரிடுகிறார்களே, இவர்களை எல்லைக்கு அனுப்பலாமே என்று முடிவு. வீட்டைக் காக்க வந்தவன், வீட்டிலிருந்து பல நாள் தொலைவில் எல்லை முகாமில் நின்றான். கிராமங்கள் வியட்நாமிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்களோ மலைவாழ் மக்களை நம்பாதவர்கள், கொடுத்த ஆயுதத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1964 செப்டம்பரில் பல முகாம்களில் மலைவாழ் வீரர்கள் கிளர்ந்தெழுந்து வியட்நாமிய அதிகாரிகளைக் கொன்றார்கள். அவர்களை அடக்கிப் பேச வேண்டிய பொறுப்பு அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த அமெரிக்கர் தலையிலேயே விழுந்தது.

இந்த எல்லாக் கதையிலும் தராசு ஒரே பக்கம்தான் சாய்கிறது. தாக்குதலை எண்ணலாம், மேலிடத்துக்கு அனுப்பலாம், பதக்கம் கொடுக்கலாம். நம்பிக்கையை எந்த ஏட்டில் எழுதுவது? ஓர் அதிகாரி ஓர் ஊரில் ஆறு மாதமோ ஓராண்டோ இருப்பார்; அதற்குள் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். எனவே இரண்டு வேலையையும் ஒரே குழுவிடம், ஒரே தலைமையிடம் விட்டால், நாளடைவில் அவர்கள் தாக்குதலுக்கே போவார்கள். கெட்டவர்கள் என்பதால் அல்ல. அவர்களை அளக்கும் கோல் அப்படி. ஆலோசனைக் குழுவுக்குத் தனித் தலைமை வேண்டும், நீண்ட தங்கல் வேண்டும், அந்த ஊரில் இரவு வேட்டைக்கு யார் வந்தாலும் தடுக்கும் அதிகாரம் வேண்டும். இது என் உறுதியான கருத்து.

தமிழர்களாகிய நாம் பேசாமல் கடக்க முடியாத ஒரு பகுதிக்கு வருகிறேன். இலங்கையில் 1980களின் தொடக்கத்தில் காவல்துறைக்குள் விசேட அதிரடிப் படை அமைக்கப்பட்டது. அதற்குப் பயிற்சி கொடுக்க 1984இல் வந்தது கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனம். மலாயாக் காட்டில் உருவான அதே எஸ்.ஏ.எஸ். படையின் பழைய ஆட்கள் அதில் இருந்தார்கள். பயிற்சி மட்டும் என்பதுதான் பேச்சு. இலங்கை விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டிகள் போதவில்லை என்றதும், பயிற்சியாளர்களே ஓட்டிகளாகி நடவடிக்கைகளுக்குப் பறந்தார்கள். இதைப் பிரிட்டிஷ் அரசின் சொந்த ஆவணங்கள் காட்டுகின்றன. ஃபில் மில்லர் என்ற பத்திரிகையாளர் அவற்றைத் தேடி எடுத்து 2020இல் நூலாக்கினார்.

1987 ஜனவரி 28 அன்று மட்டக்களப்புப் பகுதியில் கொக்கட்டிச்சோலையில் அதிரடிப் படை இறால் பண்ணைத் தொழிலாளர்களையும் ஊர் மக்களையும் கொன்றது. அந்தப் படைக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு உண்டா? நான் சுடவில்லை, கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியுமா? என் பதில்: முடியாது. மாணவன் என்ன செய்கிறான் என்று தெரிந்த பிறகும் வகுப்பு நடத்துகிறவர் அதற்குப் பொறுப்பாளி. 2020இல் இலண்டன் மாநகரக் காவல்துறை கே.எம்.எஸ். ஆட்கள் மீது போர்க்குற்ற விசாரணையைத் தொடங்கியது. நிகழ்ந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. நம் பினாங்கிலும் தாய்ப்பிங்கிலும் ஈப்போவிலும் யாழ்ப்பாணத்தில் வேர் கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. அந்த விசாரணையை நாம் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். மலேசியா கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான தன் இரண்டாம் போராட்டத்தை, 1968 முதல் 1989 ஹாட் யாய் உடன்பாடு வரை, வேறு பெயரில் நடத்தியது. கெஸ்பான், அதாவது பாதுகாப்பும் மேம்பாடும். பாதுகாப்புக் குழுவோடு சாலையும் பள்ளியும் போகும் என்பது கொள்கை. கெரிக்கிலிருந்து ஜெலி வரை போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை அப்படித்தான் போட்டார்கள், படைக்காவலோடு. அந்தச் சாலையில் போயிருப்பீர்கள். தெமெங்கோர் அணையின் நீர்ப்பரப்பு அந்தச் சாலையோரம் தெரியும். அந்த நீருக்கடியில் தெமியார் மக்களின் பழைய நிலம் இருக்கிறது. பாதுகாப்புக்காகவும் அணைக்காகவும் அவர்களை மறுகுடியமர்த்தும் திட்டங்களுக்கு மாற்றினார்கள். அவற்றில் ஒன்று கெமார். 1950களில் மருந்துப்பையோடு நம்பிக்கை கேட்டுப் போன அதே கெமார்.

செனோய் பிராக் இன்றும் இருக்கிறது. பொது நடவடிக்கைப் படையின் 3ஆவது பட்டாளம் பீடோரிலும், 18ஆவது பட்டாளம் பெங்காலான் ஹுலுவிலும். பெங்காலான் ஹுலுவுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து பாலிங் வழியாகச் சில மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே பணிசெய்யும் இளைஞர்களின் தாத்தாக்கள்தாம் அவசரகாலத்தில் தடம் பார்த்தவர்கள். அந்த மக்களின் நிலத்தைப் பற்றிய சட்டம் 1954இல், போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதப்பட்டது. மக்களைக் காப்பது அதன் நோக்கமாக இருந்தது. நிலத்துக்கு முழு உரிமை கொடுப்பது அல்ல. 1997இல் அடோங் பின் குவாவ் வழக்கிலும் 2002இல் சாகோங் தாசி வழக்கிலும் நீதிமன்றம் மரபுவழி நில உரிமையை ஏற்றது. ஆனாலும் 2016இல் குவா மூசாங்கில் தெமியார் மக்கள் மரம் வெட்டும் லாரிகளை மறிக்கச் சாலையில் தடுப்பு கட்ட வேண்டியிருந்தது. 2019இல் போஸ் சிம்போர் தெமியார் மக்களுக்காக மத்திய அரசே கிளாந்தான் மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தது.

காட்டுக்குள் போன படைகள் அந்த மக்களிடம் வழி கேட்டன, உணவு கேட்டன, பிள்ளைகளைக் கேட்டன. எல்லாவற்றையும் பெற்றுக்கொண்ட அரசு அவர்களுக்குத் தர வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிடலாம்: அவர்கள் வாழும் நிலத்தின் எல்லையை அளந்து அரசிதழில் பதிவது. பெரும்பகுதி நிலம் இன்னும் பதியப்படவில்லை. அந்தக் கோரிக்கையோடு அவர்கள் நிற்கும்போது நாமும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.